கூடம் கோணலா? ரேஞ்ச்பைண்டர் காமிராவும் என் ஆசையும்

முதுகலை இயற்பியல், இரண்டாம் ஆண்டு

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்பது நம் வீடுகளில் அன்றாடம் வழங்கும் பழமொழி. இதைப் பிறரைப் பார்த்துச் சொல்லும்போது இனிக்கிறது. நம் பக்கம் திருப்பிக் கொண்டால் கசக்கிறது. சென்ற ஓராண்டு முழுவதும் நான் கூடத்தைக் குறை சொல்லிக் கொண்டிருந்தவன். என் கூடம் ஒரு பழைய காமிரா.

கைப்பேசியிலேயே படம் பிடிக்கும் இக்காலத்தில் பிலிம் காமிரா எதற்கு என்று தோழர்கள் கேட்கலாம். என் தாய்வழித் தாத்தா சிங்கப்பூரில் வேலை பார்த்து, 1976-இல் ஊர் திரும்பியபோது கொண்டு வந்தது யாஷிகா எலக்ட்ரோ 35 என்னும் ஜப்பானியக் காமிரா. என் தாயாரின் குழந்தைப் பருவம் அதில்தான் பதிவாகி இருக்கிறது. நான் இளங்கலை சேர்ந்த ஆண்டு அது என் கைக்கு வந்தது. நம் துறையில் நிறமாலைத் தகடுகளைக் கழுவ முற்காலத்தில் பயன்பட்ட இருட்டறை ஒன்று உண்டு. பேராசிரியர் அனுமதியுடன் அதிலேயே கறுப்பு வெள்ளைச் சுருள்களைக் கழுவக் கற்றுக் கொண்டேன். இவ்வாறு தொடங்கிய பழக்கம், இதைவிட உயர்ந்த காமிரா ஒன்று வேண்டும் என்னும் ஆசையாக வளர்ந்து, என் தாயாரின் கை வளையல்கள் வரை சென்றது.

ரேஞ்ச்பைண்டர் காமிரா எவ்வாறு தொலைவை அளக்கிறது, அது எவ்வாறு வளர்ந்தது, உயர்ந்த காமிராவுக்கும் எளிய காமிராவுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு யாது என்பவற்றை முதலில் கூறி, பின்னர் என் சொந்தக் கணக்கைத் தோழர்கள் முன் வைக்கிறேன்.

இரு சாளரங்கள், ஒரு முக்கோணம்

கையை நீட்டிக் கட்டை விரலை நிமிர்த்துங்கள். இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறி மாறி மூடிப் பாருங்கள். விரல் பின்சுவரின்மீது இடமும் வலமுமாகத் தாவுவது போல் தோன்றும். விரலை முகத்தருகே கொண்டு வந்தால் தாவல் மிகும். தள்ளிக் கொண்டு போனால் குறையும். இரு கண்களுக்கிடையே உள்ள தூரத்தை அடித்தளமாகக் கொண்டு நம் மூளை போடும் முக்கோணக் கணக்கு இது. ரேஞ்ச்பைண்டர் எனப்படும் தொலைவுமானியும் இதே கணக்கைத்தான் போடுகிறது.

காமிராவின் முகப்பில் இரு சிறு சாளரங்கள் இருக்கும். ஒன்றின் வழியே நாம் நேராகப் பார்க்கிறோம். மற்றதன் வழியே வரும் ஒளி உள்ளே திருப்பப்பட்டு, பாதி ஊடுருவும் கண்ணாடி ஒன்றில் பட்டு, அதே பார்வையில் வந்து கலக்கிறது. ஆகவே நடுவில் உள்ள சிறு கட்டத்தில் பொருள் இரண்டாகத் தெரிகிறது. லென்ஸின் வளையத்தைத் திருப்பத் திருப்ப இரு பிம்பங்களும் நெருங்குகின்றன. அவை ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தும்போது லென்ஸும் அத்தொலைவுக்கு உரிய இடத்தில் வந்து நிற்கிறது. படம் தெளிவாக விழும்.

இவ்வகைக் காமிராவில் லென்ஸ் வழியே நாம் பார்ப்பதில்லை. படம் விழும் கணத்திலும் பார்வை மறைவதில்லை என்பது இதன் நன்மை. லென்ஸின் மூடியைக் கழற்ற மறந்தாலும் சாளரத்தில் உலகம் பளிச்சென்று தெரியும் என்பது இதன் தீமை. அத்தீமையை நான் நன்கு அறிவேன்.

வளர்ந்த வரலாறு

ஜெர்மனியில் வெட்ஸ்லார் நகரில் எர்ன்ஸ்ட் லைட்ஸ் என்பாரின் நுண்ணோக்கித் தொழிற்சாலையில் பணியாற்றியவர் ஓஸ்கார் பார்னாக். உடல்நலம் குன்றிய அவருக்குப் பெருங்காமிராக்களைச் சுமந்து திரிவது இயலாததாயிற்று. திரைப்படச் சுருளைக் கிடையாக ஓடவிட்டு, 24 மி.மீ. உயரமும் 36 மி.மீ. அகலமும் கொண்ட சிறு படங்கள் எடுக்கும் கருவி ஒன்றை அவர் அமைத்தார். 1925-இல் லைப்சிக் கண்காட்சியில் அது லைக்கா என்னும் பெயரில் வெளிவந்தது. அம்முதற் காமிராவில் தொலைவுமானி கிடையாது. தொலைவைக் கண்மதிப்பாகவோ தனிக் கருவி கொண்டோ அறிய வேண்டும். லென்ஸோடு இணைந்த தொலைவுமானி 1932-இல் லைக்கா இரண்டாம் வகையில் வந்தது. அதே ஆண்டில் ட்ரெஸ்டன் நகரத்து சைஸ் ஐகான் நிறுவனம் கான்டாக்ஸைக் கொண்டு வந்தது. 1936-இல் வந்த கான்டாக்ஸ் இரண்டாம் வகை, காட்சியைப் பார்க்கும் சாளரத்தையும் தொலைவை அளக்கும் சாளரத்தையும் ஒன்றாக்கியது. 1954-இல் லைக்கா எம்-3 பிறந்தது. பெரிய, ஒளிமிக்க பார்வை. 50, 90, 135 மி.மீ. லென்ஸ்களுக்கு உரிய எல்லைக் கோடுகள்; நொடியில் லென்ஸ் மாற்றும் வசதி. இவ்வகையின் சிகரம் அதுவே என்று கருதுவோர் இன்றும் பலர்.

1959-இல் நிக்கான் எஃப் வந்தபின், லென்ஸ் வழியாகவே பார்க்கும் காமிராக்கள் தொழிலாளரின் கைகளை நிரப்பின. ஆயினும் ஜப்பானிய நிறுவனங்கள் லென்ஸ் மாற்ற இயலாத எளிய ரேஞ்ச்பைண்டர்களைக் குடும்பங்களுக்காகப் பெருமளவில் செய்தன. 1966-இல் தொடங்கிய யாஷிகா எலக்ட்ரோ வரிசை அவற்றுள் ஒன்று. துவாரத்தின் அளவை நாம் வைத்தால், ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை மின்னணுச் சுற்று தானே முடிவு செய்யும். ஒளி மிகுந்தால் சிவப்பு விளக்கு எரியும். ஷட்டர் 1/30 நொடியைவிட மெதுவாகும் நிலை வந்தால் மஞ்சள் விளக்கு எரியும். இந்த மஞ்சள் விளக்கைத் தோழர்கள் நினைவில் வைத்துக் கொள்ள வேண்டுகிறேன்.

தாத்தாவின் நாளில் உதகையில் 1960-இல் நிறுவப்பெற்ற இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனத்தின் "இந்து" சுருள் நம் ஊர்க் கடைகளிலேயே கிடைத்ததாம். இன்று அவ்வாலை இல்லை. ஒரு சுருள் வாங்கிக் கழுவி முடிப்பதற்குள் ஆயிரம் ரூபாயை எட்டிவிடுகிறது. ஆகவே ஒவ்வொரு படமும் பணம்.

ஆசை பிறந்த விதம்

சென்ற ஆண்டு தை மாதம், விளக்கு வைக்கும் நேரம். என் அப்பத்தா திண்ணையில் அமர்ந்து புளியில் கொட்டை எடுத்துக் கொண்டிருந்தார். தூணில் ஒரு சிறு விளக்கு. நான் காமிராவை எடுத்தேன். "போதும்டா, பல்லில்லாத கிழவிய எத்தனை படம் புடிப்ப?" என்று சிரித்தார். ஒரே ஒரு படம் எடுத்தேன். மாசி மாதம் அவர் காலமானார்.

சுருளைக் கழுவிப் பார்த்தபோது அந்தப் படம் கலங்கியிருந்தது. கண் எது, கன்னம் எது என்று தெரியவில்லை. கருமாதிக்கு வைப்பதற்கு வாக்காளர் அட்டையில் இருந்த படத்தைப் பெரிதாக்கி மாலை போட்டோம். பெரிதாக்கிய அப்படத்தில் அப்பத்தா யாரோ போல் இருந்தார். வந்தவர்களில் சிலர், "பேரன் படம் புடிக்கிற பிள்ளைதானே?" என்று கேட்டார்கள். நான் மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய் நின்று கொண்டேன்.

அன்றிரவே முடிவு செய்துவிட்டேன். பிழை காமிராவினுடையது. ஐம்பது வயதான எளிய பொருள் அது. அதன் தொலைவுமானி சிறியது. எம்-3 இருந்திருந்தால் அப்பத்தா தெளிவாக விழுந்திருப்பார். அதன்பின் எம்-3-ஐப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அதன் அடித்தளம் எத்தனை மில்லிமீட்டர், சாளரத்தின் உருப்பெருக்கம் எவ்வளவு என்பவை, என் பாடப் புத்தகத்தின் மாறிலிகளைவிட நன்றாக மனப்பாடம் ஆயின. இதில் வியப்பு என்னவெனில், படிக்கப் படிக்க நான் படம் எடுப்பது குறைந்தது. "இதில் எடுத்து என்ன பயன்? அது வரட்டும்" என்று ஐந்து மாதங்கள் ஒரு சுருள்கூட ஓட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் திருமண வீடுகளில் ஒளி பிடிக்கும் வேலைக்குச் சென்று, பி.எட். படிப்புக்காக 42,000 ரூபாய் சேர்த்திருந்தேன். பழைய எம்-3 ஒன்றும் அதற்கு ஒரு லென்ஸும் அதைப்போல் மும்மடங்குக்கு மேல் ஆகும் என்று தெரிந்தது. ஒருநாள் சாப்பிடும்போது அம்மாவிடம் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அத்தைக்குத்தான் ஒரு நல்ல படம் இல்லாமப் போச்சு. நாளைக்கு எனக்கும் அப்படி ஆயிறக் கூடாதுல்ல தம்பி. இந்த வளையல வச்சுக்கிருவோம். வேலைக்குப் போயி மீட்டுக் குடு" என்றார். அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. வளையலைத் திருகிப் பார்த்துக் கொண்டே சொன்னார்.

மறுநாள் நம் பேராசிரியர் ஒருவரிடம் இதைக் கூறினேன். மகிழ்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது ஒன்றே: "ஏம்பா, நீ இயற்பியல் படிக்கிறவன். எது கருவியின் பிழை, எது அளப்பவனின் பிழை என்று பிரிக்காமல் ஆய்வகத்தில் ஒரு முடிவு எழுதுவாயா?" பதில் சொல்ல முடியவில்லை. "எழுதமாட்டேன் ஐயா" என்று வந்துவிட்டேன்.

கணக்கு சொன்னது

முதலில் கருவியின் பிழையைக் கணக்கிட்டேன். நம் கண் ஏறத்தாழ ஒரு கலைக் கோணத்தை, அதாவது 0.0003 ரேடியனைப் பிரித்தறியும் எனக் கொள்வோம். தொலைவின் வர்க்கத்தை இக்கோணத்தால் பெருக்கி, பயன்படு அடித்தளத்தால் வகுத்தால் தொலைவில் ஏற்படக்கூடிய பிழை கிடைக்கும். பயன்படு அடித்தளம் என்பது இரு சாளரங்களின் இடைவெளியைப் பார்வையின் உருப்பெருக்கத்தால் பெருக்கி வருவது. எம்-3-க்கு இடைவெளி 68.5 மி.மீ.; உருப்பெருக்கம் 0.91, ஆகவே பயன்படு அடித்தளம் 62 மி.மீ. என் காமிராவுக்கு, எனக்கே பாதகமாக இருக்கட்டும் என்று, 20 மி.மீ. என மிகக் குறைத்தே வைத்துக் கொண்டேன்.

இரண்டு மீட்டர் தொலைவில் அமர்ந்திருக்கும் ஒருவரைப் படம் எடுப்பதாகக் கொண்டால், என் காமிராவின் பிழை 6 செ.மீ.; எம்-3-இன் பிழை 2 செ.மீ. மும்மடங்கு வேறுபாடு! இவ்வரியை எழுதியபோது என் ஆசைக்குச் சான்று கிடைத்துவிட்டது என்றே மகிழ்ந்தேன்.

ஆனால் கணக்கு அங்கே முடியவில்லை. ஃபோக்கஸ் செய்த இடத்துக்கு முன்னும் பின்னும் ஓரளவு தூரம் வரை படம் தெளிவாகவே விழும். இதைத் தெளிவு ஆழம் எனலாம். பிலிமில் 0.03 மி.மீ. அகலம் வரையிலான கலங்கலைக் கண் பொறுத்துக் கொள்ளும் என்னும் வழக்கமான அளவைக் கொண்டு இதனைக் கணக்கிடலாம். என் காமிராவின் லென்ஸ் 45 மி.மீ. குவியத் தூரமும், முழுதும் திறந்தால் எஃப் 1.7 துவாரமும் கொண்டது. இரண்டு மீட்டரில் அதன் தெளிவு ஆழம் 20 செ.மீ.; முன்புறம் பத்து, பின்புறம் பத்து. என் தொலைவுமானியின் பிழையோ ஆறு. பிழை ஆழத்துக்குள் அடங்கிவிடுகிறது. துவாரத்தை எஃப் 8-க்குக் குறைத்தால் ஆழம் ஒரு மீட்டரை ஒட்டி விரிகிறது. அப்போது 6 செ.மீ. பிழை ஒரு பொருட்டே அன்று.

எம்-3-இன் நீண்ட அடித்தளம் வீண் என்று இதற்குப் பொருளில்லை. அதில் 90 மி.மீ. லென்ஸை மாட்டி எஃப் 2-இல் எடுத்தால், அதே இரண்டு மீட்டரில் தெளிவு ஆழம் 6 செ.மீ. மட்டுமே, முன்னும் பின்னும் மும்மூன்று. இங்கே என் காமிராவின் சிறிய தொலைவுமானி தோற்றுப் போகும், எம்-3 வெல்லும். அவ்வேலைக்காகவே அது அவ்வாறு கட்டப்பட்டது. என் காமிராவைக் கட்டியவர்களும் தங்கள் லென்ஸுக்கு எவ்வளவு அடித்தளம் போதும் என்று அறிந்தே கட்டினார்கள். அவர்கள் கணக்கில் தவறவில்லை.

நெகட்டிவ்கள் சொன்னவை

அடுத்து அளப்பவனின் பிழை. கையிலிருந்த ஆறு சுருள்களை, அதாவது 216 படங்களை, ஒளிப்பெட்டியின் மீது வைத்துப் பூதக்கண்ணாடியால் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கெட்டுப்போனவை 58. கெட்ட விதத்தை நெகட்டிவே சொல்லும். ஃபோக்கஸ் தவறியிருந்தால் முகம் கலங்கி, அவருக்கு முன்னோ பின்னோ உள்ள ஏதேனும் ஒன்று கூர்மையாக இருக்கும். ஆள் அசைந்திருந்தால் ஆள் மட்டும் கலங்கிச் சுவர் தெளிவாக இருக்கும். கை நடுங்கியிருந்தால் படம் முழுவதும் ஒரே திசையில் இழுபட்டிருக்கும்.

பிரித்துப் பார்த்ததில், கை நடுங்கியவை 24. எதிரொளியில் முகம் கருத்தவை 14. ஃபோக்கஸ் தவறியவை 9. சுருளைச் சரியாக மாட்டாமல் கெட்டவை 7. லென்ஸின் மூடியைக் கழற்றாமல் எடுத்தவை 4. ஃபோக்கஸ் தவறிய ஒன்பதில் ஏழு, அவசரத்தில் வளையத்தைத் தொடாமலே எடுத்தவை என்பது என் குறிப்பேட்டிலேயே இருந்தது. காமிராவின்மேல் ஐயுறத்தக்கவை மீதி இரண்டு.

எம்-3 இருந்திருந்தால் எத்தனை பிழைத்திருக்கும்? அதில் ஒளிமானியே கிடையாது. எதிரொளியை அது எனக்குச் சொல்லியிராது. அதன் லென்ஸுக்கும் மூடி உண்டு. அதையும் என் கைதான் பிடித்திருக்கும். நேர்மையாகச் சொன்னால் 216-இல் இரண்டு படங்கள். அந்த இரண்டுக்காக அம்மாவின் வளையல்.

அப்பத்தாவின் படத்தைக் கடைசியாகவே எடுத்தேன். தூணில் இருந்த விளக்கு ஒளிப் புள்ளியாக விழவில்லை. சாய்ந்த ஒரு கோடாக விழுந்திருந்தது. அப்பத்தாவின் காதுத் தண்டட்டியின் மினுக்கும் அதே சாய்வில், அதே நீளத்தில் இழுபட்டிருந்தது. தொலைவுமானிக்கு இதில் பங்கே இல்லை. என் கை நடுங்கியிருக்கிறது. குறிப்பேட்டைப் புரட்டினேன். பகலில் கோயில் திருவிழாவுக்கு வைத்த எஃப் 5.6 துவாரத்தை மாலையில் நான் மாற்றவே இல்லை. எஃப் 1.7-க்குத் திறந்திருந்தால் ஏறத்தாழ 11 மடங்கு ஒளி கிடைத்திருக்கும். ஷட்டர் அரை நொடி திறந்திருந்ததாகக் கொண்டால், அது 1/20 நொடி அளவுக்குக் குறைந்திருக்கும். காமிராவைத் தூணில் சாய்த்திருந்தால் அதுவே போதும்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அன்று மஞ்சள் விளக்கு எரிந்தது. நான் பார்த்தேன். பார்த்துக் கொண்டே பொத்தானை அழுத்தினேன். காமிரா தன் கடமையைச் செய்தது, எனக்குச் சொல்லியது. ஓராண்டாக அதன்மேல் நான் பழி போட்டு வந்தேன்.

உயர்ந்த கருவி வேண்டாமா?

இவ்வாறு கூறுவதால் உயர்ந்த கருவியே தேவையில்லை என்று நான் வாதிடவில்லை. அது எட்டாத பழத்தைப் புளிக்கும் என்ற நரியின் கதையாகிவிடும். நாடக மேடையில் தொலைவிலிருந்து முகங்களை எடுக்க விரும்புவோர்க்கு 90 மி.மீ. லென்ஸ் வேண்டும், அதற்குரிய காமிரா வேண்டும். மின்கலம் கிட்டாத இடங்களில் திரிவோர்க்கு முற்றிலும் இயந்திரத்தால் இயங்கும் ஷட்டர் வேண்டும். என் காமிராவுக்கு உரிய பாதரச மின்கலம் இன்று விற்பனையில் இல்லை. மாற்று மின்கலத்தை இடையடைப்பு வைத்துப் பொருத்துகிறேன். அது ஒரு குறையே. மறுபுறம், என் காமிராவின் இதழ் ஷட்டரில் 1/500 நொடியிலும் பிளாஷ் ஒத்திசையும். எம்-3-இன் துணித்திரை ஷட்டரில் 1/50 நொடி வரையே ஒத்திசையும்.

பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்ட்டியே-பிரெஸ்ஸோன் 1932-இல் பாரிஸில் சான்-லசார் ரயில் நிலையத்தின் பின்புறம், தேங்கிய நீரைத் தாண்டும் ஒருவரைச் சிறு காமிராவால் வேலி இடுக்கின் வழியே எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. எம்-3 பிறக்க அப்போது இன்னும் 22 ஆண்டுகள் இருந்தன. பிற்காலத்தில் அவரும் எம் வரிசைக் காமிராக்களைக் கையாண்டார். நல்ல கருவியை அவர் வெறுக்கவில்லை. அது வரும்வரை காத்திருக்கவும் இல்லை.

எனவே புதிய கருவி வாங்க விரும்பும் தோழர்கள் தம்மைத் தாமே கேட்க வேண்டிய வினா ஒன்றுண்டு: "இப்போதுள்ள கருவியால் செய்ய இயலாத எந்த வேலை எனக்கு இருக்கிறது?" இதற்கு விடையாக ஒரு வேலையின் பெயரைச் சொல்ல முடிந்தால் வாங்கலாம். கருவியின் பெயரை மட்டுமே திரும்பச் சொல்ல முடிந்தால், நெகட்டிவ்களை எடுத்து எண்ணிப் பார்ப்பது நலம். இது காமிராவுக்கு மட்டுமன்று. நம் ஆய்வகத்து நிறமாலைமானிக்கும், தேர்வுக்கு முன் நாம் வாங்கிக் குவிக்கும் புதுப் புது வழிகாட்டி நூல்களுக்கும் பொருந்தும்.

முடிவுரை

வளையல்கள் அம்மாவின் கையிலேயே இருக்கின்றன. 42,000 ரூபாயில் ஐந்து சுருள்கள் வாங்கினேன், எஞ்சியது பி.எட். கட்டணத்துக்கு இருக்கிறது. காமிராவின் உட்புறம் ஒரு சிறு தாளை ஒட்டி, "மூடி, துவாரம், மஞ்சள் விளக்கு" என்று மூன்று சொற்கள் எழுதி வைத்திருக்கிறேன். சுருள் மாற்றும்போதெல்லாம் அவை கண்ணில் படும்.

முதற் சுருளின் முதற்படம் அம்மா. அதே திண்ணை, அதே விளக்கு வைக்கும் நேரம். துவாரத்தை முழுதும் திறந்தேன். அம்மாவின் காதுத் தோட்டின் இரு பிம்பங்களையும் ஒன்றாக்கினேன். மஞ்சள் விளக்கு எரிந்தது. காமிராவைத் தூணோடு சேர்த்து அழுத்தி, மூச்சை அடக்கி, மெல்ல அழுத்தினேன். இருட்டறையில் தாளின்மீது கண்கள் முதலில் வந்தன, பிறகு நெற்றியின் சுருக்கங்கள், பிறகு வளையல்கள். அம்மா படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "இந்தக் காமிராவுலயா எடுத்த?" என்று கேட்டார்.

எம்-3-இன் மேல் ஆசை போய்விட்டதா என்று தோழர்கள் கேட்பது காதில் விழுகிறது. போகவில்லை. வேலைக்குப் போனபின், 90 மி.மீ. லென்ஸுக்கு உரிய வேலை ஒன்று என்னிடம் இருக்குமானால் வாங்குவேன். அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அப்பத்தாவின் தங்கை மானாமதுரைப் பக்கம் இருக்கிறார்; வயது எண்பதைத் தாண்டிவிட்டது. வரும் விடுமுறையில் காமிராவுடன் அவரைப் பார்க்கச் செல்கிறேன்.